கருவாட்டுக் கடையில் உப்பு ஆகாத பூனை

1

"பம்பாயில் நம் மக்களின் முன்னேற்றம்" என்ற தலைப்பில் ஊர் ஆண்டு மலருக்கு ஒரு கட்டுரை வேண்டும் என்று காதர் என் கடை வாசலில் வந்து நின்றான். காதர் என் மனைவி பாத்திமாவின் தம்பி. தாராவியிலேயே தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கிறான். ஊர்க்காரர்கள் சங்கத்துக்குச் செயலாளரும் அவன்தான் என்பதால் சட்டைப் பையில் எப்போதும் நாலைந்து பேனா இருக்கும். எதிலும் மை இருக்காது.

"கட்டுரையோட ஒரு போட்டோவும் குடுங்க மச்சான். கோட்டு போட்டதா இருந்தா எடுப்பா இருக்கும்" என்றான்.

நான் கருவாட்டுக் கடைக்காரன். கோட்டு போட்டுக்கொண்டு தராசில் நெத்திலி நிறுத்தால் வாங்க வந்தவள் போலீஸ் என்று நினைத்து ஓடிவிடுவாள். இருந்தாலும் சரி என்று சொல்லி முன்னேற்றத்தைப் பற்றி எழுத உட்கார்ந்தேன். எவ்வளவு யோசித்தும் மனதில் வந்து நின்றது என் பூனைதான். போன வருஷம் நோன்புக்கு முந்திய மாதத்தில்தான் அதற்குச் சிறுநீரகம் கெட ஆரம்பித்திருக்கிறது என்று தெரிந்தது. வருஷம் ஒன்று நிறைந்துவிட்டது. ஆகவே பூனையைப் பற்றி எழுதுகிறேன். முன்னேற்றம் வேண்டுகிறவர்கள் காதரைக் கேட்டுக்கொள்ளலாம். அவன் விவரமாகச் சொல்வான்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஊருக்கு வரும்போது கறுப்புக் கண்ணாடி போட்டு, அத்தர் பூசிக்கொண்டு வந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். என்ன வேலை என்று கேட்டால் "மீன் பிசினஸ்" என்போம். பெண் கேட்டுப் போன வீட்டில் அதுவே "மீன் எக்ஸ்போர்ட்" ஆகிவிடும். தூத்துக்குடிப் பக்கமிருந்து ரயிலில் வரும் மூட்டையைத் தாராவிச் சந்தில் வைத்து விற்பதற்குத்தான் அந்தப் பெயர். அத்தர் எதற்கு என்பது இப்போது விளங்கியிருக்கும்.

2

பூனையின் பெயர் சேட். வெள்ளை உடம்பு, முதுகில் சாம்பல் நிறத் திட்டு. ஒரு வேலையும் செய்யாமல் கல்லாப் பெட்டிக்குப் பக்கத்தில் மடித்துப் போட்ட சாக்கின் மேல் சாய்ந்துகொண்டு வருகிறவர்களை அரைக் கண்ணால் பார்க்கும். அந்தத் தோரணைக்கு வைத்த பெயர் அது. கடைக்கு உரிமையாளன் நான். ஆனால் வருகிறவர்கள் முதலில் கேட்பது, "சேட் இருக்காரா?" என்றுதான்.

அப்படிக் கேட்பதற்குக் காரணம் உண்டு. கருவாட்டில் புழு வைக்காமல் இருக்க மூட்டைப்பூச்சிப் பொடியைத் தூவி விற்கிற புண்ணியவான்கள் எங்கள் தொழிலில் இருக்கிறார்கள். பெயரைச் சொன்னால் மலருக்கு விளம்பரம் தரமாட்டார்கள் என்பதால் சொல்லவில்லை. பொடி தூவிய சரக்கு மனிதர்களுக்குத் தெரியாது, பூனைக்குத் தெரியும். அதனால் எங்கள் சந்தில் ஒரு வழக்கம். வாங்க வருகிறவள் தனக்கு வேண்டிய மூட்டையிலிருந்து தானே ஒரு துண்டை எடுத்துச் சேட்டின் முன்னால் போடுவாள். சேட் தின்றால் வாங்குவாள். மோந்து பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பினால், பையைச் சுருட்டிக்கொண்டு போய்விடுவாள். நான் அல்லாமேல் ஆணையிட்டுச் சொன்னாலும் எடுபடாது.

நான் பொடி தூவுகிறவன் இல்லை. எனவே சேட் எல்லாவற்றையும் தின்றது. நெத்திலி, சாளை, வாளை, கட்டா, எது வந்தாலும் ஒரு துண்டு அதற்கு. வருஷக்கணக்காக அந்தப் பூனை தின்றே எனக்கு வியாபாரம் செய்து கொடுத்தது. ஊரில் எங்கள் தெருப் பூனைகளுக்குப் பெயர் கூடக் கிடையாது. ஒன்று செத்தால் இன்னொன்று வரும், அதையும் விளக்குமாற்றால் விரட்டுவார்கள். அந்தத் தெருவில் பிறந்த நான் இங்கே ஒரு பூனையின் பசியை நம்பிப் பிழைத்தேன்.

வாடிக்கைக்காரர்களில் முக்கியமானவர் செல்லம்மா அக்கா. நாங்குநேரிப் பக்கம். இட்லி அவித்து விற்கிறவர். குழாயில் தண்ணீர் வரும் நேரத்தில் செல்லம்மா அக்கா என்ன சொல்கிறாரோ அதுதான் எங்கள் சந்தில் அன்றைய செய்தி. அவர் ஒரு கடையை நல்ல கடை என்றால் நல்ல கடை. இல்லையென்றால் இல்லை. மற்றவர்கள் சேட்டுக்கு ஒரு துண்டு போட்டால் அவர் மூன்று துண்டு போடுவார், மூட்டையின் மேல்பக்கம் ஒன்று, நடுவில் ஒன்று, அடியில் ஒன்று. முன்பு இவ்வளவு சந்தேகம் கிடையாது. போன வருஷம்தான் இந்தப் பழக்கம் அவருக்கு வந்திருந்தது.

"என்ன அக்கா, எம்மேல நம்பிக்கை இல்லையா?" என்று கேட்டேன்.

"ஒங்க மேல இருக்கு பாய். ஒங்க சரக்கு மேலதான் இல்ல" என்றார்.

3

முதலில் கவனித்தவள் என் மகள் ஜரீனா. அப்போது ஏழாம் வகுப்பு, இங்கிலீஷ் மீடியம். வீட்டில் இந்தி பேசுவாள், கோபம் வந்தால் மராட்டி. தமிழ் என்பது அவளுக்கு நானும் பாத்திமாவும் திட்டுவதற்காக வைத்திருக்கும் மொழி. ஊரிலிருந்து என் கூடப் பிறந்த லாத்தா எழுதும் கடிதத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பதற்குள் அடுத்த கடிதம் வந்துவிடும்.

"வாப்பா, சேட் பஹுத் பானி பீத்தா ஹை" என்றாள். சேட் ரொம்பத் தண்ணீர் குடிக்கிறதாம்.

"கருவாடு திங்கிறவன் தண்ணி குடிக்காம காப்பியா குடிப்பான்?" என்றேன்.

ஆனால் அவள் சொன்னது சரி. தண்ணீர் டிரம்மின் குழாய் சொட்டுகிற இடத்திலேயே சேட் உட்கார்ந்திருந்தது. கல்லாப் பக்கமிருந்த அதன் சாக்கு காலியாகக் கிடந்தது. மூலையில் கொட்டி வைத்திருந்த மணல் எந்நேரமும் நனைந்திருந்தது. முதுகைத் தடவினால் எலும்பு கையில் பட்டது. அப்புறம் ஒரு காலையில் ஒரு பெண் நெத்திலியை அதன் முன்னால் போட்டாள். சேட் மோந்தது. அவளைப் பார்த்தது, என்னைப் பார்த்தது, முகத்தைத் திருப்பிக்கொண்டது.

அந்தப் பெண் பையைச் சுருட்டினாள். அடுத்து நின்றவளும் சுருட்டினாள். அந்த வாரம் முழுக்க எனக்குக் கிடைத்தது ஆலோசனைகள்தான். பூண்டைத் தட்டிக் கொடு என்றார் ஒருவர். விளக்கெண்ணெய் என்றார் இன்னொருவர். காதர் தர்காவிலிருந்து கயிறு கொண்டுவந்து அதன் கழுத்தில் கட்டினான். அது அந்தக் கயிற்றை மட்டும் கொஞ்சம் கடித்துப் பார்த்தது. குழாயடிக்குச் செய்தி போய்விட்டது. மைதீன் பாய் கடையில் பொடி இருக்கிறது, சேட்டே தொடமாட்டேன் என்கிறது.

பாத்திமாவுக்குத்தான் தாங்கவில்லை. "ஊரான் தூவுற பொடிக்கெல்லாம் வாயத் தொறக்காத சந்து, ஒரு பூன சோறு திங்கலன்னதும் நம்ம மேல பாயுது" என்றாள்.

4

ஜரீனா பிடிவாதமாக நின்றதால் மிருக ஆஸ்பத்திரிக்குப் போனோம். பரேல் பக்கம். மடியில் வைத்துக்கொண்டால் பிறாண்டும் என்று சேட்டை ஒரு பழைய கருவாட்டுக் கூடையில் வைத்து மூடி எடுத்துப் போனேன். அதற்கு மேல் முட்டாள்தனம் கிடையாது. உள்ளே நுழைந்ததும் அங்கே காத்திருந்த நாய்கள் அத்தனையும் எழுந்து நின்றன. ஒரு ஆடு கூடக் கழுத்தைத் திருப்பியது.

குமாஸ்தா ஒரு தாளை எடுத்து வரிசையாகக் கேட்டார். பெயர் சொன்னேன், விலாசம் சொன்னேன். "ஜாத்?" என்றார்.

"முஸ்லிம்" என்றேன்.

குமாஸ்தா தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். பிறகு பேனாவால் கூடையைக் காட்டினார். சாதிக்கும் இனத்துக்கும் அங்கே ஒரே சொல்தான், அவர் பூனை எந்த இனம் என்று கேட்டிருக்கிறார். பம்பாயில் வீடு தேடி, ரேஷன் கார்டு தேடி, பள்ளிக்கூடத்தில் இடம் தேடி அலைந்தவன் நான். எந்த மேஜையில் அந்தச் சொல்லைக் கேட்டாலும் இந்தப் பதில் தானாக வந்துவிடுகிறது. பின்னால் நின்ற குதிரை வண்டிக்காரர் கூடச் சிரித்தார். ஜரீனா முன்னால் வந்து மராட்டியில் என்னவோ சொல்லி, நாட்டுப் பூனை என்று எழுதவைத்தாள். பிறகு என் பக்கம் திரும்பி, "வாப்பா, தும் சுப் பைட்டோ" என்றாள். பேசாமல் உட்காரச் சொல்கிறாள். அவள் சின்னப் பிள்ளையாக இருந்தபோது ஆஸ்பத்திரிகளில் நான் அவளுக்குச் சொன்னதை இப்போது அவள் எனக்கு இந்தியில் சொல்கிறாள்.

டாக்டர் ஒரு பெண். சேட்டின் கழுத்துத் தோலைக் கிள்ளி விட்டுப் பார்த்தார், ஈறைப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார். ரத்தம் எடுத்துக் கொடுத்து, மனிதர்களுக்குப் பார்க்கும் ஒரு லேபில் கொடுக்கச் சொன்னார். லேபில் இருந்தவர் குழாயை வாங்கிக்கொண்டு, "பேஷண்ட் பெயர்?" என்றார்.

"சேட்."

"முழுப் பெயர்?"

ஜரீனா யோசிக்காமல், "சேட் மைதீன்" என்றாள். ரிப்போர்ட்டில் அப்படியே டைப் அடித்துத் தந்தார்கள், முன்னால் மிஸ்டர் போட்டு. எனக்கு ஆண் பிள்ளை இல்லையே என்று வருஷா வருஷம் கடிதத்தில் வருத்தப்படும் லாத்தா இதைப் படித்தால் நிம்மதி அடையட்டும்.

டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துவிட்டு நிதானமாக இந்தியில் சொன்னார். சிறுநீரகம் பழுதாக ஆரம்பித்திருக்கிறது. ஆரம்பம்தான். போனது போனதுதான், மிச்சம் இருப்பதைக் காப்பாற்றலாம். கவனித்துக்கொண்டால் இன்னும் சில வருஷம் கூட இருக்கும், கவனிக்காவிட்டால் இருக்காது. உப்பு அறவே கூடாது. புது மீனை உப்பில்லாமல் அவித்து, முள் எடுத்து, அதுவும் கொஞ்சமாகச் சோற்றோடு பிசைந்து கொடுக்க வேண்டும். தண்ணீர் எப்போதும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

"இதுவரை என்ன கொடுத்தீர்கள்?"

"கருவாடு."

"தினமுமா?"

"கருவாட்டுக் கடைங்க."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுச் சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கருவாட்டால்தான் இப்படி ஆயிற்றா என்று கேட்டேன். "வயதான பூனைகளுக்கு இது வருவதுதான். இதனால்தான் என்று எதையும் சொல்ல முடியாது" என்றார். அந்த ஒரு வாக்கியத்தை மட்டும் ஆஸ்பத்திரி முத்திரையோடு எழுதித் தர முடியுமா என்று கேட்டேன். ஜரீனா என்னை இழுத்துக்கொண்டு வெளியே வந்துவிட்டாள்.

5

எங்கள் வீடு கடைக்கு மேலேயே, ஏணி வைத்து ஏறுகிற ஒற்றை அறை. சேட்டை மேலே குடிவைத்தோம். காலையில் மீன் விற்கும் கோலிப் பெண் கூடையோடு வரும்போது நான் கடையை விட்டு இறங்கிப் போய்ப் புது மீன் வாங்குவேன். கருவாட்டுக் கடைக்காரன் தன் கடை வாசலில் நின்று புது மீன் வாங்குவதைச் சந்தே வேடிக்கை பார்த்தது. பாத்திமா அதை அவித்து, முள் எடுத்து, விரலால் பிசைந்து வைப்பாள். எங்களுக்கு அன்றைக்கும் விற்காமல் தங்கிய சாளைக் கருவாடு.

"இந்த வீட்டுல நானும் பூனையாப் பொறந்திருக்கலாம்" என்பாள் பாத்திமா. சொல்லிக்கொண்டே இன்னொரு தடவை முள் இருக்கிறதா என்று தடவிப் பார்ப்பாள்.

ஜரீனா அறை முழுக்கக் கிண்ணம் கிண்ணமாகத் தண்ணீர் வைத்தாள். குடத்தைத் தூக்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களுக்குத்தான் தெரியும், தாராவியில் பூனைக்கு ஆறு கிண்ணம் தண்ணீர் என்றால் என்னவென்று. சேட்டுக்கு யாரும் தெரியாமல் கருவாடு போட்டுவிடக் கூடாது என்று ஒரு அட்டையில் பெரிதாக எழுதி ஏணிக்குப் பக்கத்தில் தொங்கவிட்டாள். சேட் நோயாளி, உப்பு கூடாது, கிட்னி கெட்டிருக்கிறது. எல்லாம் இங்கிலீஷில். வருகிற வாடிக்கைக்காரப் பெண்கள் ஒருவருக்கும் அதை வாசிக்கத் தெரியாது. என் மகளுக்குத் தமிழ் எழுத வராததை நினைத்து நான் சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

ஏனென்றால் இந்த விஷயம் வெளியே தெரியக் கூடாது. கருவாட்டுக் கடைப் பூனைக்குக் கருவாடு ஆகாது, தின்று தின்று சிறுநீரகம் போய்விட்டது என்று குழாயடியில் ஒரு தடவை பேசிவிட்டால் அப்புறம் நான் கடையை மூடிவிட்டு உண்மையிலேயே எக்ஸ்போர்ட்தான் செய்ய வேண்டும். சேட் எங்கே என்று கேட்டவர்களுக்கு, "ஊருக்குப் போயிருக்கு" என்றேன். எந்த வண்டியில் என்று செல்லம்மா அக்கா கேட்டார்.

காதருக்கு ஒரு யோசனை இருந்தது. "டூப்ளிகேட் வைங்க மச்சான். தாராவியில எதுக்குத்தான் டூப்ளிகேட் இல்ல?" அவன் பட்டறையில் தைக்கிற பைகளில் இத்தாலி லேபிள் ஒட்டுகிறவன், அனுபவத்தில் சொல்கிறான். மறுநாளே வெள்ளையும் சாம்பலுமாக ஒரு பூனையைப் பிடித்துக்கொண்டு வந்தான். நல்ல ஜாடை. சேட்டின் சாக்கில் உட்காரவைத்தோம்.

அது தின்றது. போட்டதையெல்லாம் தின்றது. போடாததையும் தின்றது. இரண்டு நாள் வியாபாரம் சூடு பிடித்தது. பிறகு செல்லம்மா அக்கா வந்தார். ஒரு நெத்திலியைப் போட்டார், போயிற்று. அடியிலிருந்து ஒன்று, போயிற்று. சாக்கு மூட்டையின் ஓரத்திலிருந்து ஒரு நூலைப் பிய்த்துச் சுருட்டிப் போட்டார். அதையும் மென்று விழுங்கிவிட்டு, அடுத்தது என்ன என்று பார்த்தது.

"இது சாட்சி இல்ல பாய். கூலிக்கு மாரடிக்குது" என்றார். "எங்க சேட்டு? உள்ளதானே வச்சிருக்கிய? நாளைக்கி வாரேன். அது என் முன்னால ஒரு நெத்திலி திங்கட்டும், சந்து மொத்தத்தையும் ஒங்க கடைக்கி நானே கூட்டியாரேன். திங்கலன்னா கொழாயடில நான் சொல்லப்போறது ஒண்ணுதான். பாய் பொடி தூவுதாருன்னு."

6

மேலே சேட் தேறியிருந்தது. முகத்தில் தெளிவு வந்திருந்தது, முதுகில் கொஞ்சம் சதை. பசி திரும்பியிருந்தது. காதர் அதைப் பார்த்துவிட்டுக் கையைத் தட்டினான்.

"ஒரே ஒரு நெத்திலி மச்சான். அதுல என்ன உப்பு இருக்கப்போவுது? நல்லா ஊறவச்சுக் குடுத்தா மருந்து மாதிரி. ஒரு நெத்திலியில ஒங்க மானம் திரும்பிரும்."

பாத்திமா அடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஜரீனா பள்ளிக்கூடம் போயிருந்தாள். அவள் இல்லாத நேரமாகப் பார்த்துத்தான் சேட்டைத் தூக்கிக்கொண்டு ஏணியில் இறங்கினேன். ஊறவைக்க முடியாது, செல்லம்மா அக்கா தன் கையால் மூட்டையிலிருந்துதான் எடுப்பார். ஒன்றுதானே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான்கு பேருக்கு முன்னால் நல்ல பெயர் வாங்குவதற்காக இதைவிடப் பெரிய அநியாயமெல்லாம் ஊரில் நடக்கிறது என்றும் சொல்லிக்கொண்டேன். தோளில் அது என் காதை மோந்துகொண்டே வந்தது.

கடை வாசலில் ஏழெட்டுப் பெண்கள். எல்லோரும் குடத்தோடு வந்திருந்தார்கள். டூப்ளிகேட்டைத் துரத்திவிட்டுச் சேட்டைச் சாக்கில் விட்டேன். செல்லம்மா அக்கா மூட்டையின் அடிவரைக்கும் கைவிட்டு ஒரு நெத்திலியை எடுத்து அதன் முன்னால் வைத்தார்.

சேட் வாலைத் தூக்கிக்கொண்டு வந்தது. அவ்வளவு நாள் உப்பைப் பார்க்காத பூனை. அதன் தொண்டையில் நான் அதுவரை கேட்டிராத ஒரு சத்தம் வந்தது. பெண்கள் முகத்திலெல்லாம் சிரிப்பு. காதர் எனக்குப் பின்னால் நின்று மூச்சு விட்டான். சேட் வாயைத் திறந்து நெத்திலியைக் கவ்வியது.

நான் பிடுங்கிவிட்டேன். யோசித்துச் செய்யவில்லை. விரலை உள்ளே விட்டு அதன் பல்லிடுக்கிலிருந்து இழுத்தேன். அது என் விரலைக் கடித்தது, நன்றாகவே கடித்தது. ரத்தம் சாக்கில் சொட்டியது.

"என்ன பாய் பண்ணுதிய?" என்றார் செல்லம்மா அக்கா.

"இதுக்கு உப்பு ஆகாது. கிட்னி கெட்டுப்போச்சு. கருவாடு கொடுத்தா செத்துரும்" என்றேன்.

ஒரு கருவாட்டுக் கடைக்காரன் தன் கடை வாசலில், தன் வாடிக்கைக்காரர்கள் முன்னால், இதைவிடச் சிறப்பாக ஒரு விளம்பரம் செய்துவிட முடியாது. காதர் தலையில் கைவைத்துக்கொண்டு மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டான். பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். "பூனைக்கே இப்பிடின்னா" என்று ஒருத்தி ஆரம்பித்தாள். வயதான பூனைகளுக்கு வருவதுதான், இதனால் என்று சொல்ல முடியாது என்று டாக்டர் சொன்னதை நான் தமிழில் சொன்னேன், இந்தியிலும் சொன்னேன். குடங்கள் போய்க்கொண்டிருந்தன.

செல்லம்மா அக்கா மட்டும் போகவில்லை. கவிழ்த்து வைத்திருந்த கூடை மேல் உட்கார்ந்தார்.

"எப்பிடித் தெரிஞ்சுது பாய்?"

"தண்ணி குடிச்சிக்கிட்டே இருந்துச்சு. ஒடம்பு எளச்சுது. எந்நேரமும் ஒண்ணுக்கு. சோத்தப் பாத்தா மொகத்தத் திருப்பிக்கிடும்."

"எத்தன நாளா?"

"தெரியலக்கா. நாங்க கவனிச்சது கொஞ்ச நாளாத்தான்."

சேட் என் காலடியில் உட்கார்ந்து, போன நெத்திலியைத் தேடித் தரையை நக்கிக்கொண்டிருந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: "ரத்தம் பாத்த எடம் மனுசங்களுக்குப் பாக்கிற எடம்தானே? அது எங்க இருக்கு?"

7

செல்லம்மா அக்காவின் வீட்டுக்காரர் பொன்னையா அண்ணாச்சி டிராம்பேயில் எண்ணெய்க் குழாய்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் கான்டிராக்ட் வேலைக்குப் போகிறவர். ஞாயிற்றுக்கிழமை நான் போய்க் கூப்பிட்டபோது கட்டிலில் படுத்திருந்தார். தலைமாட்டில் பெரிய சொம்பு. கண்ணுக்குக் கீழே வீங்கியிருந்தது.

"பூனைக்குப் பாத்த எடத்துக்கா என்னக் கூட்டிட்டுப் போறிய? அடுத்தாப்புல எனக்கும் கெண்ட மீனு அவிச்சுத் தருவியளா?" என்று சிரித்தார். ஆனாலும் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்தார். ஆஸ்பத்திரி என்றால் ஒரு நாள் கூலி போகும், அதனால்தான் இவ்வளவு நாள் போகவில்லை என்று பஸ்ஸில் சொன்னார்.

லேபில் அதே ஆள். என்னை அடையாளம் கண்டுகொண்டு, "உங்கள் பையன் சேட் எப்படி இருக்கிறான்?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறான், உப்பைக் குறைத்துவிட்டோம் என்றேன். மறுநாள் ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு, அக்காவும் சேர்ந்து மூன்று பேருமாகப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். டாக்டர் இரண்டு தடவை படித்தார். வைத்தியம் பார்க்கலாம் என்றார், மருந்து எழுதினார், சாப்பாட்டைப் பற்றிச் சொன்னார், எல்லாம் எனக்குப் பழக்கமான பாடம்தான். பிறகு என்னிடம் மட்டும் இந்தியில், இது ஆரம்பம் இல்லை, ரொம்பத் தாண்டி வந்திருக்கிறீர்கள், முன்பே ஏன் வரவில்லை என்றார்.

ஏன் வரவில்லை என்று எனக்குத் தெரியும். ஆஸ்பத்திரியில் சொல்லவில்லை, உங்களுக்குச் சொல்கிறேன். சேட் ஒரு வேளை சாப்பிடாவிட்டால் எனக்கு நஷ்டம். ஒரு வாரத்தில் சந்து முழுக்கத் தெரிந்தது, கூடையில் தூக்கிக்கொண்டு ஓடினேன். பொன்னையா அண்ணாச்சி சாப்பிடாவிட்டால் யாருக்கும் நஷ்டம் இல்லை. அவர் குழாய்க்குப் பெயிண்ட் அடித்துக்கொண்டிருந்தார், குழாய் பளபளப்பாகத்தான் இருந்திருக்கும். இதையும் சேர்த்துத்தான் காதர் முன்னேற்றம் என்கிறான்.

என் கடையைப் பற்றியும் கேட்பீர்கள். வாடிக்கையில் பாதி திரும்பி வந்தது. மீதி பொடிக்காரர் கடைக்குப் போய்விட்டது. அங்கே பூனை கிடையாது, அதனால் சந்தேகமும் கிடையாது. சேட் இதை எழுதும்போது மேலே ஜரீனாவின் புத்தகப் பை மேல் தூங்குகிறது.

அன்றைக்கு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும்போது பஸ்ஸில் கூட்டம். முன்னால் அண்ணாச்சிக்கு ஒரு இடம் கிடைத்தது, உட்கார்ந்ததும் தூங்கிவிட்டார். செல்லம்மா அக்காவும் நானும் பின்னால் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். மருந்துப் பையை அக்கா மார்போடு வைத்துக்கொண்டிருந்தார். சயான் நிறுத்தம் வந்ததும் என் பக்கம் திரும்பாமலே சொன்னார்.

"அவிய தட்டத் தள்ளி வச்சிட்டு எந்திருச்சுப் போயிருவாவ, பாய். ஒரு வருசமா. நான் ஒங்க கருவாடுதான் மட்டம்னு நெனச்சேன்."